ஜூலிக்குக் கஞ்சி போட்ட துரைக்கண்ணு

துரைக்கண்ணு போன மாசம் செத்துப்போனான். எங்கள் தெருவிலிருந்து சாவுக்குப் போனவர்கள் இரண்டே பேர். நாய் பிடிக்கிறவன் சாவுக்கு யார் போவார்கள்? முனிசிபல் ஆபீசில் அவன் வேலைக்கு என்ன பெயர் எழுதி வைத்திருந்தார்களோ, சின்ன காஞ்சிபுரத்தில் அவன் ‘நாய்க்கார துரைக்கண்ணு’தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அவன் காதில் விழும்படியாகவே கூப்பிட்டேன்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. என் புருஷன் தர்மன் முன்கட்டில் தறியில் உட்கார்ந்திருப்பார். நான் கொல்லை வாசலில் ராட்டையைப் போட்டுக்கொண்டு பட்டு நூல் சிட்டங்களைச் சிக்கெடுத்துச் சுற்றுவேன். சுவர் இடுப்பு உயரம். அதனால் பதினோரு வருஷம் அவன் எழுந்தது, குளித்தது, பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியது எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. பார்க்கக் கூடாது என்றால் நான் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திருமுக்கூடல் பக்கத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவன். மழை பொய்த்த ஒரு வருஷம் பெண்டாட்டி மணியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தான். நாய் பிடிக்க ஆள் வேண்டும் என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டிருந்தார். வேறு எவனும் வரவில்லை, இவன் போய் நின்றான். நீளமான மூங்கில், அதன் நுனியில் கம்பிச் சுருக்கு, பின்னால் ஒரு கூண்டு வண்டி. கழுத்தில் தகரப் பில்லை தொங்கினால் வரி கட்டிய நாய், விட்டுவிடுவான். பில்லை இல்லாத நாய் கூண்டுக்குள் போகும். மத்தியானத்துக்கு மேல் ஊருக்கு வெளியே குழி. இதுதான் அவன் பிழைப்பு.

வேலையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் அரை மணி நேரம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். எத்தனை கழுவினால் என்ன? சுவருக்கு நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, அவன் நீர் இறைத்துவிட்டுப் போனால் நான் வாளிக் கயிற்றை மறுபடி அலசுவேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலசுவேன். “இன்னாக்கா, கயித்துல அழுக்கா?” என்று ஒரு தரம் கேட்டான். “ஆமாண்டா, போகாத அழுக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவன் எழுபத்தொன்றாம் வருஷம் ஒருநாள் சாயங்காலம் தோளில் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாற்றலாகி வடக்கே போன ஒரு ஆபீசர் பூட்டின பங்களாவில் விட்டுவிட்டுப் போன நாயாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்கப் போன துரை வளர்க்கத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளையும் பழுப்புமாகச் சடை நாய். அதன் மயிர் தரையில் புரண்டது. புரண்டது என்றால் அழகாகப் புரண்டது என்று நினைக்க வேண்டாம். காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் எல்லாம் முடிச்சு முடிச்சாகச் சிக்கு, நாயுருவி முள்ளு, உண்ணி. நாற்றம் சுவரைத் தாண்டி வந்தது.

அதன் பெயர் ஜூலி என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். பங்களா சுவரில் கரியால் எழுதியிருந்ததாம். இவனுக்குப் படிக்கத் தெரியாது, அந்த வழியாகப் போன ஒரு சாயபுவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டானாம். அது நாயின் பெயரா, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரா, யார் கண்டது? ஆனால் கூப்பிட்டதும் அது திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலையில் இந்த மேதாவி என்ன செய்தான் தெரியுமா? நாயைக் கிணற்றடியில் நிறுத்தி நான்கு வாளி தண்ணீரை ஊற்றி, துணி சோப்பைப் போட்டுக் கரகரவென்று தேய்த்தான். நனைந்த சிக்கு ஒவ்வொன்றும் புளி உருண்டை மாதிரி இறுகிப்போயிற்று. பிறகு மணியம்மாளின் சீப்பை எடுத்து அதன் மேல் வைத்து இழுத்தான். நாய் வீரிட்டுக் கத்தியது. சீப்பில் பல் மூன்று போயிற்று. மணியம்மாள் அரிசி மில்லிலிருந்து வந்து சீப்பைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் கோயில் மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“என் தலைக்கு ஒரு நாளு எண்ண வெச்சிருப்பியாய்யா நீ? நாய்க்குத் தல சீவறியா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த நாய் அலறினதுதான் என் வாயைத் திறக்க வைத்தது. சிக்கு என்பது என் தொழில். தப்பாகச் சிக்கெடுக்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கை நமநமவென்று அரிக்கும்.

“டேய் அறிவுகெட்டவனே, தண்ணி பட்டா சிக்கு இறுகும்டா. காய வுடு. காஞ்சதும் எண்ணையைத் தொட்டுக்கினு வெரலால பிரி. வேரை இடது கையில கெட்டியாப் புடிச்சிக்கோ, அப்பதான் தோலு இழுபடாது. நுனியிலருந்து ஆரம்பி. மேல இருந்து இழுத்தா அறுந்துடும்” என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினேன்.

அவன் அப்படியே செய்தான். பதினேழு நாள் செய்தான். வேலைக்குப் போய் வந்து, கையைக் கழுவி, நாயை மடியில் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு நாலைந்து சிக்கு. பிரிக்கவே முடியாத இடத்தில் மட்டும், சிக்குக்குள் கத்திரியின் நுனியை நீளவாக்கில் விட்டு இரண்டாகப் பிளந்து, பிறகு விரலால் உதிர்த்தான். எப்பேர்ப்பட்ட பொறுமை! அந்தப் பொறுமையில் கொஞ்சம் மனுஷர்களிடம் காட்டியிருந்தால் இரண்டு பேராவது அவனோடு பேசியிருப்பார்கள் என்று அப்போது நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் மனுஷர்களிடம் பொறுமை இல்லாமல் நடந்த ஒரு நாளையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னேன்.

நான் குப்பையில் எறிந்த உடைந்த அச்சை, அதாவது தறியில் ஊடை நூலை அடித்து நெருக்கும் சீப்பு மாதிரியான சாமானை, அவன் பொறுக்கிக்கொண்டு போய் நடு நடுவே பல்லைப் பிடுங்கிவிட்டுச் சீப்பாக்கிக்கொண்டான். மேலோடு வாரினால் மேல்மயிர் மட்டும்தான் பளபளக்கும், அடியில் இருக்கும் பஞ்சு மயிர் சுருண்டு கிடக்கும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். மயிரை இடது கையால் வகிடு எடுத்த மாதிரி தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கீழே தள்ளிச் சீவுவான். உண்ணிக்கு வேப்பெண்ணெய். குளியலுக்குச் சோப்பை விட்டுவிட்டு அரப்புத் தூள். காதில் பஞ்சு. குளித்தபின் துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும், நிழலில் காய வேண்டும். பாதத்து விரலிடுக்கு மயிரை மட்டும் வெட்டுவான். சித்திரை வெயிலில் மணியம்மாள் மொட்டையடிக்கச் சொன்னபோது, “மயிருதாம்மா அதுக்குக் கொடை. எடுத்துட்டா தோலு வெந்துடும்” என்று பெரிய டாக்டர் மாதிரி பதில் சொன்னான். இத்தனையும் அந்தக் கையால். காலையில் கம்பிச் சுருக்கைப் பிடித்த அதே கையால்.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் நாயையெல்லாம் குழிக்கு அனுப்பிவிட்டு ஒரு நாய்க்கு மட்டும் வகிடு எடுக்கிறான், வெட்கம் கெட்டவன். அவன் வாரி முடித்து, கழிவுப் பட்டில் அவனே பின்னிய பட்டையில் தகரப் பில்லையைக் கோத்து அதன் கழுத்தில் கட்டிவிட்டு, “எப்படி இருக்குதுக்கா?” என்று என்னைக் கேட்பான். நான் ராட்டையைச் சுற்றிக்கொண்டே, “நாய் மாதிரி இருக்குது” என்பேன்.

எங்கள் வாசலிலும் ஒரு நாய் கிடந்தது. செவலை. வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். மிஞ்சின சோற்றைப் போடுவேன், அது வாசற்படியில் படுத்துக்கொள்ளும், நான் கடைக்குப் போனால் பின்னாலேயே வரும், நான் ஜுரத்தில் கிடந்த ஐந்து நாளும் வாசலை விட்டு நகராமல் கிடந்தது. அவ்வளவுதான். துரைக்கண்ணு இரண்டு மூன்று தரம் சொன்னான்.

“செவலைக்கு ஒரு பில்லை வாங்கிப் போடுக்கா. நானே ஆபீசுல சொல்லி எழுதிக்கினு வரேன். உன் பேரைக் குடு, போதும்.”

“தெரு நாய்க்கு என் பேரை எதுக்குடா குடுக்கணும்? அது எங்க வூட்டு நாயா? உன்னை மாதிரி நாயோட குடும்பம் நடத்தச் சொல்றியா?”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். வண்டியோடு எங்கள் தெருவுக்கு வரும் நாட்களில் எங்கள் வாசல் வந்ததும் அவன் எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டு நடப்பான். என் வாய்க்குப் பயந்துதான் அப்படிப் போகிறான் என்று நினைத்து எனக்கு ஒரே பெருமை.

எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசி. கருட சேவைக்கு ஊர் நிறையக் கூட்டம் வரும் என்று சாமி வரும் தெருக்களில் நாய்களை ஒழிக்க உத்தரவு. துரைக்கண்ணு ஒருத்தனால் முடியாது என்று வெளியூரிலிருந்து கலியன் என்பவனைப் பத்து நாள் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். துரைக்கண்ணுவைப் பெரிய காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள், எங்கள் பக்கம் கலியன் பொறுப்பு.

சேவைக்கு நாலு நாள் முன்னால் வீட்டில் ஒரு பாவுக்குக் கஞ்சி போட்டோம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்குப் பட்டு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, காயுமுன் புருசால் நீவிவிடுவோம். இழை விறைப்பாகும், மினுமினுக்கும். மிஞ்சின கஞ்சிச் சட்டியோடு நான் கொல்லைக்கு வந்தேன். துரைக்கண்ணு ஜூலியைக் குளிப்பாட்டி நிழலில் நிறுத்தியிருந்தான்.

“கருட சேவைக்கு ஆபீசுல எல்லாரும் வருவாங்கக்கா. இதைப் பார்க்கணும்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு. கழுத்து மயிரு மட்டும் தொவண்டு தொவண்டு வுழுது. நிக்க மாட்டேங்குது. இன்னா பண்ணலாம்?” என்றான்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். காலையிலிருந்து பாவோடு வெயிலில் நின்று இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. “இந்தா, கஞ்சி போட்டு நீவு. பட்டுப்பாவாட்டம் நிக்கும்” என்று சட்டியைச் சுவர்மேல் டக்கென்று வைத்தேன்.

கேலிதான் செய்தேன். எந்தப் பைத்தியக்காரனாவது நாய்க்குக் கஞ்சி போடுவானா? அவன் போட்டான். சிக்கெடுக்க நான் சொன்னது பலித்ததல்லவா, இதுவும் பலிக்கும் என்று நம்பிவிட்டான். புருசு இரவல் கேட்டான். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு பழைய புருசைத் தூக்கிப் போட்டேன், நாளைக்குத் தெருவே சிரிக்கட்டும் என்று.

முதலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழுத்தைச் சுற்றி மயிர் விரித்த விசிறி மாதிரி நின்றது. அவன் முகத்தில் பல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. காய்ந்ததும் கஞ்சி கெட்டிப்பட்டு மயிரோடு மயிர் ஒட்டிக்கொண்டது. கழுத்துப் பட்டையும் பில்லையும் அதற்குள்ளே புதைந்துவிட்டன. அன்றைக்கு அதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்து அவன் வேலைக்குப் போய்விட்டான், மணியம்மாள் மில்லுக்குப் போய்விட்டாள். ஜூலிக்கு அரிப்பு தாங்கவில்லை. கழுத்தைச் சுவரில் தேய்த்தது, காலால் பறித்தது, கடைசியில் கொல்லைப் படலை முட்டித் திறந்துகொண்டு தெரு மணலில் புரள ஓடியது. நான் எட்டிப் பார்த்தபோது கலியன் சுருக்கை வீசிவிட்டான். அவன் குனிந்து அதன் கழுத்தைத் தடவிக்கூடப் பார்த்தான், அது உண்மை. கையில் கஞ்சிக் கட்டிதான் தட்டியிருக்கும். தூக்கிக் கூண்டில் போட்டுக்கொண்டு தெருக்கோடி திரும்பினான்.

நான் கத்தவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். ‘வேணும்டா உனக்கு, ஊரான் நாயைப் பிடித்தபோது எப்படி இருந்தது’ என்று ஒரு நிமிஷம் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. பிறகுதான் என் கஞ்சிச் சட்டி ஞாபகம் வந்தது. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். வண்டி போய்விட்டது. வாசற்படியில் செவலையும் இல்லை.

பத்தரை மணிக்குத் துரைக்கண்ணு சாப்பிட வந்தான். நான் சுவரோரம் நின்று சொன்னேன். அவன் கத்துவான், கஞ்சி கொடுத்ததற்கு என்னைக் கேட்பான் என்று நினைத்தேன். “எந்தப் பக்கம் போச்சிக்கா வண்டி?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவனுக்காகத்தான் ஓடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேகவதிக் கரையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கலியன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் பன்னிரண்டு நாய். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. துரைக்கண்ணு “ஜூலி” என்றான். அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அடியிலிருந்து ஒரு அழுக்கு மூட்டை அசைந்தது. கஞ்சியும் சாணியும் எச்சிலும் சேர்ந்து அந்த மயிர் தார் பூசின மாதிரி ஆகியிருந்தது.

“யோவ், இது பில்லை கட்டின நாயிய்யா” என்றான்.

“எங்கய்யா இருந்திச்சி பில்லை? நான் தடவிப் பார்த்தனே” என்றான் கலியன்.

துரைக்கண்ணு கம்பி இடுக்கில் கையை விட்டு, காய்ந்த கட்டியை நகத்தால் நொறுக்கி, உள்ளேயிருந்து பில்லையை இழுத்துக் காட்டினான். கலியன் பீடியை எறிந்துவிட்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்தான். துரைக்கண்ணு ஜூலியை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதன் சிறுநீர் அவன் சட்டையெல்லாம் வடிந்தது. அவன் அழுதான். நாய்க்காரன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெளியூர்க்காரன் எதிரில் அழுதான். அந்த நேரத்திலும் எனக்கு அவனைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கூண்டுக் கதவு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

“இதுல உன்னுது எதுனா இருக்குதாக்கா? இருந்தா சொல்லு. எடுத்துடறேன். பில்லைக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

செவலை கூண்டின் இடது மூலையில் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டியது. வால் மற்ற நாய்கள்மேல் பட்டுப் பட்டு ஆடியது. துரைக்கண்ணு அதைப் பார்க்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. என் வாயால் வரட்டும் என்று நின்றான். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை இவனிடமா, இந்த அழுக்குக் கையனிடமா, நானா கேட்பது? இத்தனை நாள் கயிற்றை அலசிவிட்டு இப்போது எதிரில் நின்று கெஞ்சுவதா? நாளைக்கு இவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை எப்படிப் பார்ப்பான்?

“எனக்கு ஏதுடா நாயி?” என்றேன்.

அவன் கதவை விடவில்லை. மறுபடி ஒரு தரம், “நல்லாப் பாருக்கா” என்றான்.

“பார்த்தாச்சி. தெரு நாயி எல்லாம்.”

கலியன் கதவை வாங்கிச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். துரைக்கண்ணு ஜூலியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன். அன்றைக்கு முழுக்க அவன் வெந்நீர் வைத்துக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்துக் கரைத்துக்கொண்டிருந்தான். கரையாத இடங்களை வெட்டினான். நான் ராட்டையை முன்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

செவலை எங்கே என்று தெருவில் கேட்டார்கள். என் புருஷனும் கேட்டார். அந்தப் பாவி துரைக்கண்ணுதான் பிடித்துக்கொண்டு போய்க் குழியில் போட்டுவிட்டான் என்றேன். அன்றிலிருந்து ஆறு வருஷம், கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னேன். தெருவில் அவனுக்கு நெருப்புப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் அதோடு நிறுத்திவிட்டார்கள். அவன் காதுக்கும் அது போயிருக்கும். ஒருநாளும் வந்து என்னை ஏன் என்று கேட்கவில்லை.